பறவை ஆட இடம்

நர்ஸம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேநீர் கொடுத்தால் கோப்பையை வாங்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போவார். உடம்பை ஒரு காலில் சாய்த்து, மற்ற காலை அதன் கணுக்கால்மேல் ஏற்றி வைத்து, வெளியே பார்த்தபடியே குடிப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொள்வார், அதுதான் நாற்காலிக்கு அவர் தரும் மரியாதை. பாதிக் கோப்பையில் எதையோ பார்த்துவிடுவார். பார்சல் வண்டி ஒன்று வாசலுக்கு நேராக நின்றிருக்கும். கோப்பை மேஜைக்கு வந்து சேர்ந்த சத்தம் எனக்குக் கேட்கும்போது ஆள் வெளியே போயிருப்பார்.

வண்டிக்காரன் என்ன வேண்டும் என்று கேட்பான். நர்ஸம்மா வாயைத் திறக்கமாட்டார். வண்டியின் மூக்குக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்பார். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் காலணி, காதுவரை வெட்டிய முடி, என் தோளுக்கு மேல் வராத உயரம். அவன் சிரித்துப் பார்ப்பான், கையை விரித்துப் பார்ப்பான், கடைசியில் ஏறி உட்கார்ந்து நாலு வாசல் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவான். நர்ஸம்மா திரும்பி வந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஃப்ரண்ட் எம்ப்டி" என்பார். முன்பக்கம் காலி. உலகத்தில் அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்கிற முகம்.

நியூ ஜெர்சியில், ரூட் ஒன்றைவிட்டு மான்மவுத் ஜங்ஷன் பக்கம் திரும்பினால் வரும் செங்கல் அபார்ட்மென்ட் வரிசை அது. எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வரிசையின் எல்லா வாசலும் தெற்கைப் பார்த்தவை. வாசலுக்கு முன்னால் கொஞ்சம் புல், பிறகு கார்கள் நிற்கும் தார்த்தரை, மறுபடி புல், அதற்கும் அப்பால் சோளக்கொல்லை. அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அவர் கொரியாவிலிருந்து வந்தவர். பெயர் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார், என் நாக்கு அதை ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. தமிழர்களுக்குள் அவர் நர்ஸம்மா. என்னை அவர் 'சேதெக்' என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணை அப்படிக் கூப்பிடுவார்களாம். எங்களுக்குள் ஓடியது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு இங்கிலீஷ். அதைத் தமிழில் எழுதும்போது இருந்ததைவிட அழகாகிவிடுகிறது, மன்னிக்க வேண்டும்.

எனக்கும் உட்கார முடியாத காலம்தான் அது. என் விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. கணவர் காலையில் போனால் பொழுது சாய்ந்து வருவார். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன். அப்படித்தான் ஒருநாள் துவைத்த சேலையை வாசல் கைப்பிடியில் ஒரு முனை, விளக்குக் கம்பத்தில் மறுமுனை என்று நீளமாகக் கட்டிக் காயப்போட்டேன். காற்றில் அது ஒரு சுவரைப்போல எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வாசலில் சீருடையோடு நர்ஸம்மா. கையில் என் சேலை. ஆறு கஜத்தையும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைப்போலச் சதுரமாக, ஓரம் பிசகாமல் மடித்திருந்தார்.

"வெளியே வேண்டாம். டிரையர் இருக்கிறது."

அபார்ட்மென்ட் சட்டம் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்க்கிற பிடிதான் அது, பக்கத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஹாலில் சோபா கிடையாது. ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். அதில் தலையணைகளில் சாய்ந்து ஒரு மனிதர். வலப்பக்கம் முழுதும் இயங்கவில்லை, வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. கண்கள் மட்டும் சோளக்கொல்லையின்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

"என் கணவர்" என்றார் நர்ஸம்மா. "இன்னும் இருக்கிறார்."

நியூயார்க்கில் பழக்கடை வைத்திருந்தவர். ஒருநாள் ஆரஞ்சுப் பெட்டியை இறக்கும்போது பக்கவாதம் வந்து நடைபாதையில் விழுந்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த இன்னொரு தடவை வராமல் பார்த்துக்கொள்வதுதான் நர்ஸம்மாவின் முழுநேர வேலை. ஆஸ்பத்திரி வேலை அதற்குப் பிறகுதான். மாத்திரை, உப்பில்லாத கஞ்சி, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் வேலைக்குப் போகும் நேரத்துக்குச் சர்ச்சிலிருந்து ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்துகொள்வார். இவ்வளவும் செய்துவிட்டு, இதெல்லாம் போதாது என்பதும் நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கட்டிலுக்கு மேலே சுவரைக் காட்டினார்.

ஏதோ பழைய காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள். ராஜாக்களின் கல்லறைச் சுவரில் அந்தக் காலத்தில் வரைந்த படமாம். சிவப்புப் பறவை ஒன்று. மயிலும் இல்லை, சேவலும் இல்லை. இரண்டு சிறகும் விரிந்து, வால் மேலே சுழன்று, ஒரு கால் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது.

"கிழக்கே டிராகன். மேற்கே புலி. வடக்கே ஆமை. தெற்கே இது. நாலும் காவல்" என்றார். "மற்ற மூன்றும் இருந்த இடத்தில் இருந்து காக்கும். இது ஆடிக்கொண்டுதான் காக்கும். வாசலுக்கு முன்னால் இதற்கு ஆட இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் போய்விடும்."

இந்த வாசலுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் கார் ஓட்டுகிறார். ஊரெல்லாம் வீடு பார்த்து, முன்னால் மரம், முன்னால் சுவர், முன்னால் லாண்டரி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, இந்தப் புல்லையும் சோளத்தையும் பார்த்ததும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பனி விழுந்தால் மற்றவர்கள் கால் வைக்க ஒரு கோடு வெட்டுவார்கள். நர்ஸம்மா விசிறிபோல அரைவட்டமாக முழு முற்றத்தையும் வாரிவிடுவார், எங்கள் பாதியையும் சேர்த்து. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒருநாள் கேட்டேவிட்டேன். உங்கள் பாஸ்டருக்கு இந்தப் பறவை தெரியுமா?

"இயேசுவுக்கு உள்ளே வேலை. இதற்கு வெளியே வேலை" என்றார்.

எங்கள் வீட்டில் தெற்கு என்றால் வேறு. மூலைக் கட்டடத்தில் ஒரு மாம்பலத்து அங்கிள் இருந்தார். கிழக்குப் பார்த்த வீடு காலியாகும்வரை குடும்பத்தோடு மோட்டலில் காத்திருந்தவர். என் கணவரும் அவரும் ஒரே காரில் ஆபீஸ் போவார்கள். முதல்நாளே எங்கள் வாசலில் நின்று, சாவிக்கொத்தில் தொங்கிய காம்பஸை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்னப்பா, இஞ்சினியர்னு பேரு, சவுத் ஃபேஸிங் எடுத்திருக்கே? எமன் ரூட் ஒன்ல எக்ஸிட் எடுத்தான்னா நேரா உன் ஹால்தான்."

"நான் இதெல்லாம் நம்பறதில்ல அங்கிள்."

"நீ நம்பலேன்னா? அவன் உன்னைக் கேட்டுண்டா வரப்போறான்?"

என் கணவர் சிரித்தார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பனியில் கார் வழுக்கி ஒரு மரத்தில் மோதி, தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கிரீன் கார்டு பேப்பர் எங்கேயோ மாட்டிக்கொண்டது. நம்பாத மனிதர் கதவைத் திறந்ததும் ஒரு கணம் நின்று வெளியே பார்க்க ஆரம்பித்தார். "நம்பறேன்னு யார் சொன்னா? எதுக்கு ரிஸ்க்?" என்பார்.

ஒரே சுவரின் இந்தப் பக்கம் தெற்கைப் பயந்து பார்த்தார்கள், அந்தப் பக்கம் தெற்கை நம்பிப் பார்த்தார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

பனி உருகிய சமயம், நர்ஸம்மாவின் வாசலுக்கு நேரே புல்லில் ஆரஞ்சுப் பெயின்டில் ஒரு சதுரம் முளைத்தது. வரிசை முழுவதற்கும் டம்ப்ஸ்டர், அந்தப் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி, அங்கே வரப்போகிறதாம். அது தெரியாமல் இருக்கச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி. லீஸிங் ஆபீஸுக்குப் போய் நர்ஸம்மா பேசினார். மேனேஜர், வயிறு பெருத்த நல்ல மனிதர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குப்பை எங்கேயாவது போகத்தானே வேண்டும் என்றாராம்.

கான்கிரீட் லாரி வந்த காலையில் நர்ஸம்மா அந்தச் சதுரத்துக்குள் நின்றார். டியூட்டி முடிந்து வந்த சீருடையோடு, ஒற்றைக்கால் பாரத்தில். டிரைவர் ஹாரன் அடித்தான். மேனேஜர் வந்து கெஞ்சினார். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கணவரின் கண்கள் லாரியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தன. நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

ஆபீஸுக்குக் கிளம்பிய அங்கிள் காரை நிறுத்திவிட்டுக் கூவினார். "என்னம்மா இது, ரெண்டு பேரும் சத்தியாகிரகமா? கொடியாவது பிடிங்கோ!"

அப்போதுதான் என் கணவர் டையைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். நிலைமையைப் பார்த்தார். சதுரத்தைப் பார்த்தார். எங்கள் வாசலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. மேனேஜரிடம் போய், ஒரு வாசல் தள்ளி எங்கள் வீட்டுக்கு நேரே போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

மேனேஜர் நம்பவில்லை. "உங்கள் வாசலுக்கு முன்னால் குப்பை வேண்டும் என்கிறீர்களா? இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை."

உள்ளே வந்ததும் நான் கேட்டேன். "என்ன பண்ணீங்க?"

"ரெண்டு பேருக்கும் லாபம். அவங்களுக்கு முன்னாடி ஃப்ரீ. நமக்குத் தெக்குப் பக்கம் குளோஸ். அங்கிளே அசந்துட்டாரு."

"என் வெயிலு? நாள் பூரா இங்க கெடக்கறது யாரு?"

அவர் டையைச் சரிசெய்தார்.

வேலி வந்தது. என் ஜன்னலில் இருந்த சோளக்கொல்லை போய்ப் பலகை வந்தது. வெயில் ஏறியதும் வரிசை முழுவதும் சாப்பிட்டு மிஞ்சியது என் ஹாலுக்கு வந்தது. யார் வீட்டில் சாம்பார், யார் வீட்டில் மீன் என்று கண்ணை மூடிச் சொல்வேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காதது வேறு. என் கணவர் எங்கள் வாசல் பறவையைத் தன் கணவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நர்ஸம்மா எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே வந்து வாசலில் நின்று, இடுப்பு மடிய வணங்கினார். ஒரு தட்டு நிறையப் பழம் வெட்டி வந்திருந்தது. என் கணவர் கூச்சத்தில் என் பின்னால் ஒளியப் பார்த்தார்.

அதோடு நிற்கவில்லை. எங்கள் வாசலில் இனிப் பறவை வராது, அதனால் அந்தக் காவல் வேலையை நர்ஸம்மாவே எடுத்துக்கொண்டார். தினம் டியூட்டி முடிந்து வந்ததும் தன் வீட்டுக்குள் போகும்முன் எங்கள் கதவுக்கும் வேலிக்கும் நடுவில் சிறிது நேரம் நிற்பார். கதவைத் திறந்தால் முதுகு தெரியும். முதல் சில நாட்கள் எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எல்லாவற்றையும் கேட்டார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். என் கண்ணிமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பினால் பைக்குள்ளிருந்து ரத்த அழுத்தக் கருவி வெளியே வரும்.

"மிஸ்டர், கை."

"நர்ஸம்மா, கார்பூல் வெயிட்டிங்..."

"கை."

வாசற்படியில் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி நிற்பார். பயத்திலேயே அழுத்தம் ஏறும். ஏறியதைப் பார்த்து நர்ஸம்மாவின் புருவம் ஏறும். மறுநாள் உப்பைக் குறைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வரும். அங்கிள் காரிலிருந்து தலையை நீட்டி, "எல்லாருக்கும் காவல் தெய்வம் ஊர் எல்லையில. உனக்கு டோர் டெலிவரிப்பா! பி.பி. எவ்வளவுன்னு அங்கேயிருந்து சொல்லு, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்பார்.

மாதங்கள் போயின. இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குப் பொறுக்கவில்லை. தனக்கு இல்லாத பெருமையைச் சுமக்க அவரால் முடியவில்லை. ஜன்னலருகில் கோப்பையோடு நின்ற நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் ஊரில் தெற்கு மரண தேவனின் திசை. அவன் அந்தப் பக்கமிருந்துதான் வருவான். அவனை மறைக்கத்தான் நான் வேலியைக் கேட்டேன். உங்களுக்காக இல்லை. எனக்காக.

நர்ஸம்மா பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோப்பை பாதியில் நின்றது.

"இங்கே சுவர் இருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவாரா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"இவ்வளவு தூரம் வந்தவர் சும்மா திரும்பிப் போவாரா, மிஸ்டர்? அடுத்த வாசலுக்கு வருவார்."

அடுத்த வாசல் எது என்று மூன்று பேருக்கும் தெரியும். என் கணவரின் முகம் வெளுத்தது. அவர் அதை யோசித்ததே இல்லை.

"வரட்டும்" என்றார் நர்ஸம்மா. குரலில் கோபம் இல்லை. "அங்கே பறவை இருக்கிறது."

மறுநாளும் வந்தார். மறுநாளும் "மிஸ்டர், கை" என்றார்.

என் கணவர்தான் மாறிப்போனார். லீஸிங் ஆபீஸுக்குப் போய் அந்த வேலியையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்து, நீங்கள்தானே கேட்டீர்கள் என்றார். காலையில் கதவைத் திறந்ததும் என் கணவர் இப்போது வெளியே பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்ப்பார். உள்ளே அந்தக் கண்கள் சோளக்கொல்லையின்மேல் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் காரில் ஏறுவார். பனிக்காலத்தில் அந்த வீட்டுக்கு முன்னால் அரைவட்டத்தை இவரே வாரினார், கட்டுப் பிரித்த தோளோடு.

"விழுந்து வைக்காதீங்க" என்பேன்.

"நீ உள்ள போ. இந்த ஓரம் மட்டும்தான் பாக்கி."

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நடுப்பகல். வெயில் நன்றாக இருந்தது. என் கணவரும் அங்கிளும் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா தன் கதவைத் திறந்து வந்து என் எதிரில் நின்றார். அந்த இன்னொரு தடவை வந்துவிட்டது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. கையில் தன் கணவரின் வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது.

"கூப்பிட வேண்டும்" என்றார். "மூன்று தடவை. வடக்கே பார்த்து. உயிர் போனவர்கள் அங்கேதான் போவார்கள். சில சமயம் திரும்பி வருவார்கள்."

புல்லுக்கு நடந்துபோய் வீட்டைப் பார்த்து நின்றார். அந்தப் புல்லில் நின்று அவர் தெற்குக்கு முதுகைக் காட்டி நான் பார்த்தது அன்றுதான். சட்டையின் காலரை ஒரு கையிலும் கீழ் ஓரத்தை மறு கையிலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். கூப்பிட்டார். அந்த மனிதரின் பெயரை நாங்கள் முதன்முதலாக முழுதாகக் கேட்டோம். கட்டடத்தின் கூரைக்கு மேலே பார்த்து, அந்தச் சின்ன உடம்பிலிருந்து, அப்படி ஒரு குரல்.

அங்கிள் தொப்பியைக் கழற்றினார். என் கணவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். அது புல்லில் ஓடிக்கொண்டிருந்தது.

"வடக்கேன்னா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார். "நம்ம கணக்குல தெக்கே இல்ல போவாங்க? இவங்க ஒரு பக்கம்தானே கூப்பிடறாங்க. அவர் இந்தப் பக்கமா போயிருந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் நடந்துவிட்டார். ஈரக் கையோடு போய் நர்ஸம்மாவின் முதுகுக்குப் பின்னால் முதுகு காட்டி, தெற்கைப் பார்த்து நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். நர்ஸம்மா இரண்டாவது முறை கூப்பிட்டார். அந்தப் பெயரைக் காதில் பிடித்துக்கொண்டு என் கணவர் சோளக்கொல்லையைப் பார்த்துக் கூப்பிட்டார். தமிழ் நாக்கில் அது உருண்டு வேறு பெயராகவே ஆகிவிட்டது.

"வாங்க சார்!" என்றும் சேர்த்துக்கொண்டார். "திரும்பி வாங்க சார்!"

நர்ஸம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டார், கூரைக்கு மேலே. என் கணவர் இரண்டாவது முறை கூப்பிட்டார், வெறும் வயலுக்கு மேலே.

நர்ஸம்மாவுக்கு முடிந்துவிட்டது. என் கணவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தூக்கிய சட்டையை இறக்காமல், நர்ஸம்மா காத்திருந்தார்.